உங்களுக்குத் தெரியுமா? சரக்குக் கப்பல் போட்ட சண்டித்தன வேஷம்!

எம்டனைத் தெரியாதவர் நம்மூரில் உண்டா? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிவிட்டு ஓடிய ஜெர்மன் போர்க்கப்பல்! ஆனால் அதன் ஆட்டம் மூன்று மாதச் சொச்சத்தில் முடிந்துவிட்டது. அதே ஜெர்மனியிலிருந்து வந்து, 15 மாதம் ஆடி, யார் கையிலும் சிக்காமல் வீடு திரும்பிய இன்னொரு கப்பலைத் தெரியுமா? அதுவும் போர்க்கப்பலே இல்லை. சாதாரண சரக்குக் கப்பல்! துருவித் துருவி எடுத்து வந்திருக்கிறோம், படியுங்கள்!

மூட்டை சுமக்கப் பிறந்தது!

கப்பலின் பெயர் வாக்ட்ஃபெல்ஸ். 1913 மார்ச்சில் ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் தண்ணீரில் இறங்கியது. நீளம் 135 மீட்டர். கொள்ளளவு 5,809 டன். ஒரே ஒரு புகைபோக்கி. துறைமுகத்தில் பத்து கப்பல் நின்றால் இதை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்!

முதலாளி யார் தெரியுமா? பிரெமன் நகரத்து ஹன்சா கம்பெனி. 1881-ல் தொடங்கியது. இந்தக் கம்பெனி பெயர் வாங்கியதே இந்தியாவுக்குச் சரக்கு ஓட்டித்தான்!

அந்தக் கம்பெனிக் கப்பல்களின் பெயர்களை வரிசையாகப் படியுங்கள். வாக்ட்ஃபெல்ஸ், கூட்டன்ஃபெல்ஸ், கோல்டன்ஃபெல்ஸ், கண்டெல்ஃபெல்ஸ்! இந்த நான்கையும் ஞாபகத்தில் வையுங்கள். நான்குமே இந்தப் பக்கத்தில் தலைகாட்டப் போகின்றன!

வேகம் எவ்வளவு என்கிறீர்கள்? மணிக்குச் சுமார் 11 கடல் மைல். அதாவது 20 கிலோமீட்டர். மூச்சைப் பிடித்து மிதித்தால் சைக்கிளில் முந்திவிடலாம்! இதை வைத்துக்கொண்டா போருக்குப் போனார்கள்? போனார்கள்!

காரணம் அதன் வயிறு! சுமார் 8,000 டன் நிலக்கரியை அடைத்துக்கொள்ளும். நிதானமாகப் போனால் ஒரு நாளுக்கு 35 டன் போதும். ஒரு தடவை நிரப்பினால் 32,000 கடல் மைல் ஓடலாம். வேகமான போர்க்கப்பல்கள் கனவிலும் நினைக்க முடியாத தூரம்!

பெயர் மாறியது, குணமும் மாறியது!

1916 மே மாதம். ஜெர்மன் கடற்படை கப்பலைக் கையகப்படுத்திப் படையில் சேர்த்தது. புதுப் பெயர் வோல்ஃப். ஓநாய்!

இதற்கு முன்பே இன்னொரு சரக்குக் கப்பலுக்கு இதே பெயரை வைத்துப் பார்த்திருந்தார்கள். அது எல்பே ஆற்றிலேயே தரைதட்டி நின்றுவிட்டது. வேட்டைக்குப் புறப்படும் முன்பே கதை முடிந்தது! அதே பெயரைத் துணிந்து மறுபடியும் வைத்தார்கள்!

15 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஏறின. நான்கு டார்ப்பிடோக் குழாய்கள் ஏறின. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது! கப்பலின் பக்கச் சுவரில் கீல் வைத்த இரும்புப் பலகைகள். கேப்டன் உத்தரவு போட்டதும் பலகை கீழே சரியும். அதுவரை சரக்குக் கப்பல். அடுத்த நொடி போர்க்கப்பல்!

புகைபோக்கியை உயர்த்தலாம், தாழ்த்தலாம். கொடிமரங்களையும் அப்படியே! காலையில் ஒரு கம்பெனிக் கப்பல் போல, மாலையில் வேறொரு கம்பெனிக் கப்பல் போல. மேக்கப் போட்ட முதல் கப்பல் இல்லைதான். ஆனால் முதல் உலகப் போரில் இத்தனை நாள் கலையாத மேக்கப் இதுதான்!

சரக்கு அறையில் ஏறியது என்ன தெரியுமா? 450-க்கும் மேற்பட்ட கடல் கண்ணிவெடிகள்! கூடவே சுமார் 350 மாலுமிகள்!

கப்பலுக்குள் ஒரு விமானம்!

நம்ப மாட்டீர்கள். வோல்ஃபில் ஒரு விமானமும் இருந்தது! ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் கம்பெனியின் இரண்டு பேர் உட்காரும் கடல் விமானம். 150 குதிரைசக்தி எஞ்சின். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து 13 வருடம்கூட ஆகாத காலம் அது!

பெயரும் செல்லப் பெயர்தான். வோல்ஃப்ஷன். ஓநாய்க்குட்டி!

ஓடுதளம் கிடையாது. கிரேனில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். தண்ணீரில் ஓடி மேலே எழும்பும். வேவு பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே இறங்கும். மறுபடியும் கிரேன்! வெயில், உப்புக்காற்று, அலை எல்லாவற்றையும் தாங்கி 50 தடவைக்கு மேல் பறந்தது!

கிளம்பியதும் தெரியாது, போனதும் தெரியாது!

1916 நவம்பர் 30. கீல் துறைமுகத்திலிருந்து நங்கூரம் தூக்கினார்கள். கேப்டன் கார்ல் ஆகஸ்ட் நெர்கர். வயது 41!

ஆங்கிலக் கால்வாய் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நார்வே கரையோரமாக மேலே ஏறி, ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே, டிசம்பர் குளிரில் நழுவினார்கள். உலகின் மிகப் பெரிய கடற்படை காவல் காத்த வாசல். ஒருவர் கண்ணிலும் படவில்லை!

நெர்கரின் முதல் கட்டளை என்ன தெரியுமா? வயர்லெஸ்ஸில் மூச்சு விடாதே! காது மட்டும் திறந்திருக்கும். எதிரிகள் பேசுவதையெல்லாம் கேட்டார்கள். பதிலுக்கு ஒரு வார்த்தை? ஊஹூம்!

கொழும்பு வாசலில் வெடி!

1917 ஜனவரி. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே இருட்டில் முதல் கண்ணிவெடிகளைப் போட்டது வோல்ஃப். அந்த மாதம் 26-ம் தேதியே முதல் கப்பல் மூழ்கியது. மதேரான்!

பிப்ரவரி 6. டின்டேரியஸ் என்ற கப்பல் அகுல்ஹாஸ் முனை அருகே வெடியில் மோதியது. உள்ளே மிடில்செக்ஸ் படைப்பிரிவின் வீரர்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? மேல்தளத்தில் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள்! கப்பலும் மூழ்காமல் கரை சேர்ந்தது!

அடுத்த இலக்கு நமக்குப் பக்கத்தில். கொழும்பு! பிப்ரவரி 17-ல் வொர்ஸ்டர்ஷயர் என்ற பயணிகள் கப்பல் கொழும்புக்கு வெளியே மூழ்கியது. நான்கே நாளில், பிப்ரவரி 21-ல், பெர்சியஸ்! இரண்டும் சேர்ந்து 13,000 டன்னுக்கு மேல்!

அந்த இரண்டு கப்பல்களும் இன்றும் கொழும்புக் கடலடியில்தான் கிடக்கின்றன. ஆழ்கடலில் மூழ்கிப் பார்ப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 100 வருடத்துக்கு முந்திய விபத்து, இன்றைய சுற்றுலா!

பம்பாயும் தப்பவில்லை! 1917 ஜூன் 23-ல் பி அண்ட் ஓ கம்பெனியின் மங்கோலியா பம்பாய்க்குத் தெற்கே வெடியில் சிக்கியது. 9,505 டன் கப்பல். ஒரு மணி நேரம்கூட இல்லை, 13 நிமிடத்தில் காணாமல் போனது!

ஜூன் 23-ல் வோல்ஃப் எங்கே இருந்தது தெரியுமா? பசிபிக் மாகடலில்! வெடியைப் போட்டு நான்கு மாதம் ஆகிவிட்டது. கைரேகைகூட இல்லாத குற்றம்!

சொந்தக்காரனையே பிடித்தது!

1917 பிப்ரவரி 27. வோல்ஃப் பிடித்த முதல் கப்பல் டுரிடெல்லா. பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல். ஆனால் அதன் பழைய பெயர்? கூட்டன்ஃபெல்ஸ்! போர் தொடங்கியதும் பிரிட்டன் பறிமுதல் செய்த ஹன்சா கம்பெனிக் கப்பல். ஒரே வீட்டுப் பிள்ளைகள் நடுக்கடலில் சந்தித்தன!

நெர்கர் சும்மா விடவில்லை. அதற்கு இல்டிஸ் என்று பெயர் வைத்து, கண்ணிவெடி ஏற்றி, ஏடனுக்கு அனுப்பினார். வெடிகளைப் போட்டது. மார்ச் 5-ல் ஓடின் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மடக்கியது. ஜெர்மன் மாலுமிகளே கப்பலை மூழ்கடித்துவிட்டார்கள். ஓநாயின் தம்பியாக அது வாழ்ந்தது 6 நாள்!

ரகசியம் அங்கேதான் உடைந்தது. டுரிடெல்லாவின் சீன மாலுமிகள் பிரிட்டிஷாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் ஓநாயைப் பிடிக்க முடியவில்லை. இன்னும் 11 மாதத்துக்கு மேல் சுற்றியது!

அடுத்து ஜம்னா. கல்கத்தாவுக்கு உப்பு ஏற்றி வந்த கப்பல். அதை மடக்கும்போது வோல்ஃபின் பீரங்கி ஒன்று தன் கப்பலிலேயே வெடித்தது. எதிரியின் குண்டு இந்தக் கப்பலைத் தொட்டதே இல்லை. அன்று செத்த மாலுமிகள் தங்கள் பீரங்கியால்தான் செத்தார்கள்!

வானத்திலிருந்து வந்த கடிதம்!

நியூசிலாந்துக்கு வடகிழக்கே சுமார் 1,000 கிலோமீட்டரில் கெர்மடெக் தீவுகள். அங்கே ரவூல் தீவின் ஓரமாக ஒதுங்கி, கொதிகலனை அணைத்து, எஞ்சினைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தது வோல்ஃப். ஓட நினைத்தாலும் ஓட முடியாத நிலை. அப்போது தூரத்தில் புகை!

1917 ஜூன் 2. வந்தது வைருனா. ஆக்லாந்திலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகும் கப்பல். வோல்ஃபால் துரத்த முடியாது. ஓநாய்க்குட்டியை அவிழ்த்துவிட்டார்கள்!

விமானம் தாழப் பறந்து மேல்தளத்தில் ஒரு கடிதத்தைப் போட்டது. வயர்லெஸ்ஸைத் தொடாதே, ஜெர்மன் கப்பலை நோக்கித் திரும்பு, இல்லாவிட்டால் குண்டு! சந்தேகம் வேண்டாம் என்று கப்பலின் மூக்குக்கு முன்னால் ஒரு குண்டும் விழுந்தது. வைருனா சாதுவாகத் திரும்பியது. எஞ்சின் ஓடாத கப்பல் எஞ்சின் ஓடும் கப்பலைப் பிடித்தது!

பரிசு என்ன தெரியுமா? ஆயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி! பாலாடைக்கட்டி! இறைச்சி! ஓநாய்க்கு மளிகைக் கடை கப்பலோடு வந்து நின்றது!

இரண்டு வாரம் கழித்து அதே இடம், அதே தந்திரம். ஜூன் 16-ல் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பாய்க்கப்பல் சிக்கியது. அதிலும் நிலக்கரி! பெட்ரோலும்தான். ஓநாய்க்குட்டிக்குத் தீனி!

கைதியாக இருந்த அதிகாரிகள் இரண்டு பேர் ஒரு நாள் சத்தமில்லாமல் கடலில் இறங்கித் தீவை நோக்கி நீந்தினார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பார்த்தவர் யாருமே இல்லை!

உள்ளே குண்டா? வெளியே குண்டா?

1917 ஜூலை 6. ஆஸ்திரேலியாவின் கேபோ தீவருகே கம்பர்லேண்ட் கப்பலில் பயங்கர வெடி. ஜெர்மன் கண்ணிவெடி ஆஸ்திரேலியா வரை வருமா? யாரும் நம்பவில்லை. யாரோ உள்ளே குண்டு வைத்துவிட்டார்கள் என்றே முதலில் முடிவு கட்டினார்கள்!

ஓட்டையை அடைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகும் வழியிலேயே கப்பல் மூழ்கிவிட்டது. வெடித்த நாளிலிருந்து மூழ்கிய நாள் வரை 36 நாள்!

நியூசிலாந்தில் செப்டம்பர் 18-ல் போர்ட் கெம்ப்ளா என்ற கப்பல் வெடியில் மூழ்கியது. இதில் எல்லாரும் பிழைத்தார்கள்! ஒரு உயிர்கூடப் போகவில்லை!

பெட்ரோல் கப்பலில் ஒரு குட்டிப் பாப்பா!

1917 ஜூலை 9. பெலூகா என்ற அமெரிக்கப் பாய்க்கப்பல். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சிட்னிக்கு பென்சீன் ஏற்றிப் போனது. கேப்டனோடு அவர் மனைவியும் ஆறு வயது மகளும் பயணம்!

பெயர் வானிட்டா. எல்லாருக்கும் நீட்டா! பீரங்கிக்கும் கண்ணிவெடிக்கும் நடுவே அந்தக் குழந்தை ஓடி விளையாடியது. தாடி வைத்த ஜெர்மன் மாலுமிகள் அவளுக்கு அடிமை! பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் அல்லவா?

காலிசெய்த பெலூகாவை வோல்ஃப் பீரங்கியால் சுட்டது. பென்சீன் பற்றிக்கொண்டது. கடலே எரிந்தது! எரிந்தது அந்தக் குழந்தையின் வீடு!

வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு வந்து மாட்டியது!

மட்டுங்கா என்ற ஆஸ்திரேலியக் கப்பல். சிட்னியிலிருந்து ரபோல் நகரத்துப் படைக்குச் சாமான் கொண்டுபோனது. எப்போது கிளம்பினோம், என்ன சரக்கு, எத்தனை டன் நிலக்கரி? எல்லாமே வயர்லெஸ்ஸில் போனது, ரகசிய எழுத்துகூட இல்லாமல்! வோல்ஃபின் காதில் தேன்! நிலக்கரி மட்டும் 500 டன்!

1917 ஆகஸ்ட் 6-ல் மடக்கினார்கள். நியூகினிக்குப் பக்கத்தில் வைகியோ தீவின் மறைவான குடாவுக்கு ஓட்டிப்போனார்கள். கரி, சாமான் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு ஆகஸ்ட் 26-ல் மூழ்கடித்தார்கள். பிடித்தது முதல் மூழ்கடித்தது வரை 20 நாள்!

சிட்னியில் என்ன நடந்தது? ஒன்றுமே தெரியவில்லை! கப்பல் எங்கே, ஆட்கள் எங்கே? வீட்டார் தவித்தார்கள். உயிரோடு இருக்கிறார்கள் என்று உறுதியானது அடுத்த வருடம்தான். சுமார் 7 மாதம் கழித்து!

கைதிகள் சும்மா இருந்தார்களா? பாட்டிலில் கடிதம் அடைத்துக் கடலில் போட்டார்கள்! அதில் ஒன்று இன்றைய இந்தோனேசியாவின் செலிபஸ் தீவில் கரை ஒதுங்கியது. முகவரி இல்லாத தபால்காரர் கடலம்மா!

மாலத்தீவில் ஜப்பான் கப்பல்!

1917 செப்டம்பர் 24. ஹிட்டாச்சி மாரு கொழும்பிலிருந்து கிளம்பியது. ஜப்பான் நாட்டுப் பயணிகள் கப்பல். இரண்டே நாளில், செப்டம்பர் 26-ல், மாலத்தீவுக் கடலில் வோல்ஃப் எதிரே நின்றது. பலகை சரிந்தது. பீரங்கி முழங்கியது. தலைக்கு மேலே ஓநாய்க்குட்டி!

இந்தத் தடவை ரத்தம் சிந்தியது. பத்துப் பேருக்கு மேல் ஜப்பானிய மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் டொமினாகா பிழைத்தார். ஆனால் தன் ஆட்களை இழந்த துயரம் அவரை விடவில்லை. வோல்ஃப் ஊர் திரும்பும் கடைசி நாட்களில் கடலில் குதித்து உயிரை விட்டார்!

அதில் பயணம் செய்த ஒருவர் பாங்காக்கில் ஆசிரியராக வேலை பார்த்த ஆங்கிலேயர். பெயர் ட்ரேயஸ். விடுதலையானதும் ஜெர்மன் கப்பலில் தான் கழித்த ஐந்து மாதங்களைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். சிறைவாசத்துக்கு ராயல்டி!

அப்பாவியும் தப்பவில்லை!

நவம்பர் 10. இகோட்ஸ் மெண்டி. ஸ்பெயின் கப்பல். ஸ்பெயின் போரிலேயே இல்லை! ஆனால் உள்ளே கொழும்புக்குப் போகும் நிலக்கரி. 5,000 டன்னுக்கு மேல்! வயிறு காலியான ஓநாய் நாடு பார்க்குமா?

பெண்களையும் குழந்தைகளையும் அந்தக் கப்பலுக்கு மாற்றினார்கள். இனி இரண்டு கப்பலும் சேர்ந்து ஜெர்மனிக்கு. பூமியின் பாதியைத் தாண்ட வேண்டும்!

நவம்பர் 30-ல் ஜான் எச். கிர்பி என்ற அமெரிக்கப் பாய்க்கப்பல். சரக்கு என்ன தெரியுமா? தென்னாப்பிரிக்காவுக்குப் போன புத்தம் புதிய மோட்டார் கார்கள்! ஒன்று இரண்டல்ல, 270! ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத 270 கார்கள் கடல் அடியில்!

கரி மாற்ற ஒதுங்கலாம் என்று பிரேசிலின் டிரின்டாடே தீவுக்குப் போனார்கள். நல்லவேளை, காது திறந்திருந்தது! தீவில் பிரேசில் படை வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பினார்கள். பிரேசில் போரில் குதித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது!

வேறு வழி? நடுக்கடலில் இரண்டு கப்பலையும் பக்கம் பக்கமாகக் கட்டி, கரி மூட்டைகளைக் கைமாற்றினார்கள். ஒவ்வொரு அலைக்கும் இரும்போடு இரும்பு மோதியது. பக்கத் தகடுகள் நெளிந்தன. தண்ணீர் உள்ளே வந்தது. ஊர் போய்ச் சேரும்வரை பம்புக்கு ஓய்வே இல்லை!

மொத்தம் எத்தனை கப்பல் பிடித்தது? நேருக்கு நேர் 14! கண்ணிவெடியில் மூழ்கியது 13! கூட்டினால் ஒரு லட்சம் டன்னுக்கு மேல்!

ஊருக்குள் ஓநாய்!

1918 பிப்ரவரி. கப்பலில் ஸ்கர்வி நோய்! காய்கறி, பழம் பார்த்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. ஈறு வீங்கியது, பல் ஆடியது. கைதிக்கும் காவலனுக்கும் ஒரே நோய், ஒரே சாப்பாடு!

பிப்ரவரி 24. வோல்ஃப் கீல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. போர்க்கப்பல்கள் எல்லாம் ஆரவாரம்! இது பிழைத்திருக்கும் என்று ஜெர்மனியிலேயே நம்பிக்கை போயிருந்தது. வந்து நின்றபோது கணக்குப் பார்த்தார்கள். 451 நாள்! 64,000 கடல் மைல்! பூமியை ஏறக்குறைய மூன்று தடவை சுற்றிய தூரம்!

இடையில் எத்தனை துறைமுகத்தில் நின்றது? ஒன்றிலும் இல்லை! சோறு, கரி, பெட்ரோல் எல்லாம் பிடித்த கப்பல்களிலிருந்தே!

இறங்கிய கைதிகள் மட்டும் 467 பேர்! கூடவே ரப்பர், செம்பு, துத்தநாகம், கொப்பரை! முற்றுகையில் காய்ந்து கிடந்த ஜெர்மனிக்கு ஒவ்வொன்றும் தங்கம்!

அதே பிப்ரவரி 24-ல் என்ன வேடிக்கை தெரியுமா? கூட வந்த இகோட்ஸ் மெண்டி, வீட்டு வாசல் வரை வந்து டென்மார்க்கின் ஸ்காகன் முனையில் தரைதட்டியது! டென்மார்க் நடுநிலை நாடு. கைதிகள் அத்தனை பேரும் விடுதலை! குட்டி நீட்டாவும்தான்! ஜெர்மன் காவலர்கள்தான் இப்போது கைதி!

நெர்கருக்கு ஜெர்மனியின் மிக உயர்ந்த வீர விருது கிடைத்தது. ஆனால் முடிவு? 1947-ல் சோவியத் சிறை முகாம் ஒன்றில் இறந்தார்!

ஓநாய் தூங்கியபின்னும் பல் கடித்தது!

1918 ஜூன் 26. வோல்ஃப் வீடு திரும்பி நான்கு மாதம் ஆகிவிட்டது. நியூசிலாந்தின் வடக்கு முனையருகே விம்மெரா என்ற பயணிகள் கப்பல் வெடியில் சிக்கியது. கேப்டன் உட்பட 26 பேர் இறந்தார்கள். அந்த வெடியை வோல்ஃப் போட்டுச் சரியாக ஒரு வருடம்!

போர் முடிந்தது. தோற்ற ஜெர்மனி கப்பலை பிரான்ஸுக்குக் கொடுத்தது. அங்கே அதற்குப் பெயர் ஆன்டினூஸ். வேலை? மறுபடியும் மூட்டை சுமக்கும் வேலை! 1931-ல் இத்தாலியில் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். வயது 18!

இதே ஜாதி இன்னும் சில!

மோவே என்று ஒரு கப்பல். கட்டியது எதற்குத் தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து வாழைப்பழம் கொண்டுவர! அது போட்ட கண்ணிவெடியில் 1916 ஜனவரி 6-ல் பிரிட்டனின் கிங் எட்வர்ட் போர்க்கப்பலே மூழ்கியது. வாழைப்பழக் கப்பல் வீழ்த்தியது 16,000 டன் போர்க்கப்பலை!

ஸீயாட்லர் இன்னும் வேடிக்கை. அது பாய்க்கப்பல்! 1888-ல் ஸ்காட்லாந்தில் கட்டியது. நீராவி யுகத்தில் பாயை விரித்துக்கொண்டு வேட்டைக்குப் போனது. 1917 ஆகஸ்ட் 2-ல் பசிபிக் பவளத்திட்டில் மோதி உடைந்தது. வோல்ஃப் மட்டுங்காவைப் பிடிக்க அப்போது இன்னும் 4 நாள்தான் பாக்கி!

1914-ல் எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பலின் பெயர் சிட்னி. 1941 நவம்பர் 19-ல் அதே பெயருள்ள இன்னொரு சிட்னியை வீழ்த்தியது கோர்மொரான். அதுவும் ஒரு ஜெர்மன் வணிகக் கப்பல்தான், வேஷம் போட்டது! சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை!

கண்டெல்ஃபெல்ஸை ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் உலகப் போரில் அதுதான் பெங்குவின்! 1941 ஜனவரியில் அண்டார்டிக் கடலில் நார்வே நாட்டுத் திமிங்கல வேட்டைப் படையையே வளைத்துப் பிடித்தது. மொத்தம் 14 கப்பல்!

சரி, வோல்ஃபின் 451 நாள் சாதனையை முறியடித்தவர் உண்டா? உண்டு! அட்லாண்டிஸ். 1940-ல் கிளம்பி 22 கப்பல்களைத் தொலைத்தது. 1941 நவம்பர் 22-ல் பிரிட்டனின் டெவன்ஷயர் சுட்டு மூழ்கடிக்கும்வரை கடலிலேயே இருந்தது. அதன் பழைய பெயர் கோல்டன்ஃபெல்ஸ். கம்பெனி? அதே ஹன்சா! நாட்கள்? 622!